ஊரறியாப் பாடம்!

திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரம், ஞாயிறு மாலை. வெயில் தணிந்தும் பாறையின் சூடு தணியாத நேரம். படிக்கட்டிலே அமர்ந்து பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தான், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன். கையிலே இருந்தது பாடநூலன்று, கைடு. அண்ணன் படித்து, அக்காள் படித்து, அட்டை போய், இவனிடம் வந்து சேர்ந்த கைடு.

"வெர்சேல்ஸ் உடன்படிக்கை, 1919 ஜூன் 28. வெர்சேல்ஸ் உடன்படிக்கை, 1919 ஜூன் 28." கண்ணை மூடிக்கொண்டு உருப்போடுகிறான்.

அருகே சென்று அமர்ந்தோம்.

"தம்பி! நீ சாய்ந்திருக்கிறாயே இந்தப் பாறை, இதைப் பற்றியும் ஓர் உடன்படிக்கை உண்டு, தெரியுமா?"

"தெரியாதுண்ணே."

"1792-ஆம் ஆண்டு, சீரங்கப்பட்டணத்திலே எழுதப்பட்டது. திப்பு சுல்தானிடமிருந்து இந்தக் கோட்டையும் இதைச் சூழ்ந்த சீமையும் கும்பினியார் கைக்குப் போனது அந்த உடன்படிக்கையால்தான்."

சிறுவன் நிமிர்ந்து பாறையைப் பார்த்தான். ஒரு நொடி அவன் முகத்திலே வியப்பு. அடுத்த நொடி கைடைப் புரட்டினான். புரட்டிவிட்டுக் கேட்டான்: "இது பரீட்சைக்கு வருமாண்ணே?"

வராது என்றோம். மீண்டும் கண்ணை மூடிக்கொண்டான். வெர்சேல்ஸ் உடன்படிக்கை, 1919 ஜூன் 28.

அந்தச் சிறுவன்மீது நமக்குச் சினமில்லை, தோழர்களே! பரீட்சைக்கு வருமா என்று கேட்க அவனைப் பழக்கியவர்கள் நாம். அறிவு என்றால் வினாத்தாளிலே வருவது, வராதது வெறும் பேச்சு என்று அவனுக்குக் கற்பித்தவர்கள் நாம். ஐரோப்பாவின் உடன்படிக்கையை அவன் அறியத்தான் வேண்டும்; உலகறிவு வேண்டாமென்று கூறும் கிணற்றுத் தவளைகள் அல்ல நாம். ஆனால், உலகை அறியப் புறப்பட்டவன் உட்கார்ந்திருக்கும் பாறையை அறியாமலே போகிறானே, அது ஏன்? இந்தக் கிழமை நாம் ஆராய எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுதான்.

கதை நூலைத் திறனாய்கிறோம். கவிதை நூலைத் திறனாய்கிறோம். ஆயிரம் படி விற்றால் அதிகம் என்னும் நூலுக்குக்கூட ஆறு பக்க மதிப்புரை எழுதுகிறோம். ஆண்டுதோறும் பல இலட்சம் சிறார் கையிலே தவழும் சமூக அறிவியல் பாடநூலை மட்டும், அது ஏதோ அரசாங்கக் காகிதம் என்று ஒதுக்கி வைக்கிறோம். நாட்டின் நாளைய சிந்தனையை வார்க்கும் நூல் அதுவன்றோ! அதைத் திறனாயாமல் வேறெதைத் திறனாய்வது?

பாடம் வந்த வழி

வரலாறு ஒருபுறம், பூகோளம் ஒருபுறம் என்று தனித்தனியே கிடந்த பாடங்களை ஒன்றாக இணைத்து, மனிதன் வாழும் சமூகத்தை மாணவன் புரிந்துகொள்ளச் செய்யும் ஒரே பாடமாக நடத்தவேண்டும் என்று பரிந்துரைத்தது, 1952-ல் அமைக்கப்பட்ட இடைநிலைக் கல்விக் குழு. அதன் தலைவர், சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தராக விளங்கிய டாக்டர் ஏ. இலட்சுமணசாமி. முதலியார் குழு என்றே நாடு அதை அழைத்தது. ஆண்டும் பேரும் ஒப்பிக்கும் கிளிகளை வளர்ப்பது அதன் எண்ணமன்று. தன்னைச் சூழ்ந்த வாழ்வை ஆராயும் குடிமக்களை வளர்ப்பதே எண்ணம். 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பும், பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு அறிவை இணையுங்கள், மனப்பாடத்தை விடுங்கள் என்றுதான் கூறிற்று. அரை நூற்றாண்டு இடைவெளியிலே இரு குழுக்கள் ஒரே கருத்தைச் சொல்ல நேர்ந்தது என்றால், முதற்குழு சொன்னது நடக்கவில்லை என்பதுதானே பொருள்!

தமிழகத்திலே 2010-ல் சமச்சீர்க் கல்விச் சட்டம் வந்தது. வழக்கு மன்றங்களின் படியேறி இறங்கி, 2011 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் எல்லா வகுப்புகளுக்கும் நடைமுறைக்கு வந்தது. குபேரன் மகனும் கூலியின் மகனும் மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரே பாடத்தைப் படிக்கும் நிலை பிறந்தது. பின்னர் 2018-ஆம் ஆண்டு முதல் புதிய பாடநூல்கள் வந்தன.

நேர்மையாகப் பேசவேண்டும், தோழர்களே! அந்நூல்கள் முந்தியவற்றைவிடப் பலபடி மேலானவை. வண்ணப் படங்கள், தெளிந்த நிலப்படங்கள், கைப்பேசியில் பிடித்தால் காணொளி விரியும் குறியீடுகள் எல்லாம் உண்டு. உள்ளடக்கமும் வளர்ந்திருக்கிறது. ஆறாம் வகுப்பு நூலிலேயே, பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலின் பெயர் வருகிறது. பத்தாம் வகுப்பு நூலில், வேலு நாச்சியாருக்கு விருப்பாட்சியில் அடைக்கலம் தந்த கோபால நாயக்கர் வருகிறார். தமிழ்நாட்டின் சமூக மாற்றங்களைப் பற்றித் தனி இயலே இருக்கிறது; தொழிலாளர் இயக்கமும் பெண்கள் இயக்கமும் அதிலே இடம்பெற்றுள்ளன. அரசர் வரிசையை ஒப்பித்த தலைமுறை பார்த்திராத பக்கங்கள் இவை. பாராட்டுகிறோம்.

பின், குறை எங்கே?

நூலுக்கும் தேர்வுக்கும் நடுவே

நூல் கூறுகிறது: "கேள்வி கேள்!" தேர்வு கூறுகிறது: "விடையை மட்டும் எழுது!" இரண்டு எசமானருக்கு நடுவே நிற்கும் மாணவன், மதிப்பெண் கொடுக்கும் எசமானருக்குத்தானே பணிவான்!

பத்தாம் வகுப்புத் தேர்வை எடுத்துக்கொள்வோம். அறிவியல் பாடத்திலே எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. குடுவையைத் தொட்டுப் பார்க்காதவன் வேதியியல் அறிந்தவனாகான் என்பதை ஒப்புக்கொண்டு வகுத்த முறை. நன்று! சமூக அறிவியலிலோ 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே. ஊராட்சி மன்றத்தின் வாசலை மிதிக்காமலே உள்ளாட்சியைப் பற்றி எழுதலாம். கல்வெட்டு ஒன்றைக் கண்ணாலும் காணாமலே கல்வெட்டியலின் சிறப்பை ஐந்து வரியில் எழுதலாம். முழு மதிப்பெண்ணும் பெறலாம். நிலப்பட வினா ஒன்று உண்டு. ஆனால் அச்சிட்ட படத்திலே புள்ளி வைக்கிறான் மாணவன். தன் தெருவை ஒரு தாளிலே வரைந்து, குழாய் எங்கே, சாக்கடை எங்கே, ரேஷன் கடை எங்கே என்று குறிக்கச் சொன்னால் திகைக்கிறான். சகாராப் பாலைவனம் தெரிகிறது. குடகனாறு எங்கே போய்ச் சேருகிறது என்பது தெரியவில்லை!

ஆசிரியரின் நிலை என்ன? அவர் வரலாற்றுப் பட்டதாரியாயிருப்பார். அல்லது புவியியல் பட்டதாரியாயிருப்பார். நடத்தவேண்டியதோ வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் எனும் நான்கும். மூவேந்தரைப் படித்தவர் பருவக்காற்றையும் பணவீக்கத்தையும் விளக்கவேண்டும். பருவக்காற்றைப் படித்தவர் பாளையக்காரர் போரை விளக்கவேண்டும். தாம் கற்காததைக் கற்பிக்க நேர்ந்தவருக்குத் துணை வேண்டாமா? அறிவியலுக்கும் கணக்கிற்கும் 2022 நவம்பரில் வானவில் மன்றம் தொடங்கப்பட்டது. கருவிகளோடு பள்ளி தேடி வந்து சோதனை செய்து காட்டும் நல்ல திட்டம். சமூக அறிவியல் அந்தத் திட்டத்திலே இல்லை. சமூகத்திலே சோதித்துப் பார்க்க ஒன்றுமே இல்லை என்று எண்ணிவிட்டார்கள் போலும்!

உண்டா இல்லையா என்று பார்த்துவிடுவோம். அதற்குத் திண்டுக்கல்லை விடச் சிறந்த ஊர் வேண்டியதில்லை.

ஒரு கிணறு, நான்கு பாடம்

வெளியூர்த் தோழர்களுக்குத் திண்டுக்கல் என்றால் பூட்டு நினைவுக்கு வரும். இப்போது பிரியாணியும் நினைவுக்கு வரும். ஆனால் இந்த ஊரை வளர்த்ததும் வாட்டியதுமான இன்னொரு தொழில் உண்டு, தோல். "தோல் ஷாப்பு" என்று ஊரார் அழைக்கும் பதனிடும் கூடங்கள். அந்தக் கூடங்களை ஒட்டிய ஓர் ஊரின் கிணற்றண்டை, வகுப்பை அழைத்துக்கொண்டு போய் நிறுத்துங்கள். ஒரு மாணவனை நீர் இறைக்கச் சொல்லுங்கள். இனி அந்தக் கிணறு பாடம் நடத்தும்.

முதலில் புவியியல். இந்தச் சமவெளி மழை குறைந்த பூமி. ஆறு இருக்கிறது, ஆண்டு முழுதும் நீர் இல்லை. ஆகவே குடிக்கவும் பயிர் செய்யவும் கிணற்றை நம்பிய வாழ்வு. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்பிடுகிறார்கள். பதனிடும்போது அந்த உப்பு கழிவுநீரோடு வெளியேறுகிறது. ஆவாரம்பட்டையிலே பதனிட்ட காலம் போய், குரோமிய உப்பு வந்தபின் நஞ்சும் சேர்ந்தது. மேலே விட்ட நீர் கீழே இறங்கும். கீழே இறங்கியது பக்கத்துக் கிணற்றிலே ஊறும். நிலத்தடி நீர் என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிந்த விளக்கம் எந்தக் கைடிலே உண்டு?

அடுத்து குடிமையியல். வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு ஒன்று 1991-ல் உச்சநீதிமன்றம் சென்றது. 1996 ஆகஸ்டு 28-ல் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான ஆயம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பிலே நம் ஊர் இருக்கிறது, தோழர்களே! திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 ஊர்களில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய ஆய்வை நீதிமன்றம் எடுத்துக் காட்டுகிறது: 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. நான்கில் மூன்று! மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற கொள்கை, தீங்கு வருமுன் காக்கவேண்டும் என்ற கொள்கை இரண்டும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் கூடங்கள் ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் தண்டம் கட்ட ஆணையிட்டது. உயிர் வாழும் உரிமையைக் கூறும் அரசமைப்பின் 21-ஆம் பிரிவை மாணவன் ஒரு மதிப்பெண் விடையாகப் படிக்கிறான். அது வாளியிலே வந்த நீரைப் பற்றிய பிரிவு என்பது அவனுக்குத் தெரியவேண்டாமா?

மூன்றாவது பொருளியல். தோல் ஏற்றுமதிப் பண்டம்; அயல்நாட்டுச் செலாவணி ஈட்டுவது. ஈட்டிய பணம் எங்கே போயிற்று, கெட்ட நீர் எங்கே தங்கிற்று? ஆதாயம் ஒருவருக்கு, அழிவு மற்றொருவருக்கு என்றால் அந்தக் கணக்கை எப்படி எழுதுவது? கூடத்தை மூடினால் நீர் தெளியலாம். வேலை இழந்தவன் அடுப்பு எரியுமா? இங்கே எளிய விடை இல்லை. எளிய விடை இல்லாத கேள்வியை மாணவன் ஒருமுறையாவது சந்திக்கவேண்டும். சரியான விடையைத் தேர்ந்தெடு என்று நான்கு விடைகளை வாழ்க்கை அச்சிட்டுக் கொடுப்பதில்லை.

நான்காவது வரலாறு. இந்தத் தொழிலிலே சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி நின்றவர் யார்? எந்தத் தெருவிலிருந்து வந்தார்? ஏன் அவரே வந்தார்? முதலீடு செய்தவர் கையில் நாற்றம் ஒட்டவில்லை. இறங்கி நின்றவர் மேனியிலோ சாதியும் ஒட்டிற்று, புண்ணும் ஒட்டிற்று. அவர்கள் சங்கம் வைத்தார்கள், போராடினார்கள். அந்த வாழ்வையும் போராட்டத்தையும் திண்டுக்கல்லிலே வழக்கறிஞராய் வாழ்ந்த டி. செல்வராஜ் 'தோல்' என்ற நாவலாக எழுதினார். 2012-ல் அதற்குச் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. ஊரிலே எழுந்த நாவலை டில்லி பாராட்டிற்று. ஊர்ப் பள்ளியின் சமூக அறிவியல் வகுப்பிலே அதன் அட்டையைக் காட்டியவர் எத்தனை பேர்?

ஒரு கிணறு, தோழர்களே! ஒரே கிணறு. நான்கு பாடங்களும் அதிலே ஊறிக் கிடக்கின்றன.

ஊர்ப்பெருமை வேறு, ஊராராய்ச்சி வேறு

"அப்படியானால் உள்ளூர்ப் பெருமையைப் பாடமாக்குங்கள் என்கிறீர்களா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். இல்லை! பெருமை பாடுவதற்குத்தான் ஆட்கள் நிறைய இருக்கிறார்களே. சுவரொட்டி பாடுகிறது, வரவேற்பு வளைவு பாடுகிறது.

அபாயம் அங்கேதான் இருக்கிறது. பள்ளி விட்ட இடத்தைச் சாதிச் சங்கம் பிடித்துக்கொள்கிறது. விருப்பாட்சி கோபால நாயக்கர் திண்டுக்கல் பகுதிப் பாளையக்காரர்களை ஓரணியிலே திரட்டினார், மலபாரிலும் மைசூரிலும் போராடியோரோடு தொடர்பு கொண்டார், 1801-ல் தூக்கிலிடப்பட்டார். 1780-ல் சிவகங்கையை மீட்ட வேலு நாச்சியார், அதற்குமுன் தங்கியிருந்ததும் இந்தச் சீமையிலே. ஒரு பிரிவைச் சேர்ந்தவர், வேறு பிரிவைச் சேர்ந்த அரசிக்கு அடைக்கலம் தந்த கதை இது. ஐதர் அலி உதவினார் என்பதால் சமயத்தையும் கடந்த கதை. இதைச் சான்றோடு பள்ளி கற்பித்தால், மாணவன் ஒற்றுமையின் வரலாற்றை அறிவான். பள்ளி கற்பிக்காவிட்டால், ஒரு பெயரை ஒரு சாதி பிடுங்கிக்கொள்ளும். மாணவனோ அந்தப் பெயரைக் கொடியிலே எழுதிக்கொண்டு அடுத்த தெருவோடு மல்லுக்கு நிற்பான். எது நடக்கவேண்டும்?

ஆகவே நாம் வேண்டுவது பெருமை அன்று. சான்று கேட்கும் பழக்கம். மலைக்கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். திண்டு போன்ற கல், ஆகவே திண்டுக்கல் என்கிறார்கள். சொல்லட்டும்; சான்று என்ன என்று கேட்க மாணவனைத் தூண்டுங்கள். கோட்டை 1605-ல் முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் காலத்திலே எழுந்தது என்கிறார்கள். எந்த ஆவணத்தால் அறிகிறோம் என்று கேட்கட்டும். 1755-ல் ஐதர் அலி இங்கே பவுஜ்தாராக வந்து, இங்கிருந்தே வலிமை திரட்டினார். 1767-லும், 1783-லும், 1790-லும் கும்பினிப் படை இதைப் பிடித்தது. மூன்றாம் முறை பிடித்தபின் விடவில்லை. ஒரு பாறைக்காக இத்தனை போர் ஏன்? மேலே ஏறி நின்று பார்த்தால் விடை தெரியும். கிழக்கே சிறுமலை, மேற்கே பழனிமலைத் தொடர். நடுவே மதுரையையும் கொங்கு நாட்டையும் இணைக்கும் வழி. வழியைக் காப்பவன் வரியையும் காப்பான்! புவியியல் வரலாற்றைப் பெறும் காட்சியை அந்த உச்சியிலே காணலாம். பீரங்கியின் முன் நின்று படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டால், சுற்றுலா முடிந்தது, பாடம் தொடங்கவில்லை.

பொருந்தலுக்கு வாருங்கள். புதுவைப் பல்கலைக் கழகப் பேராசிரியர் கா. இராசன் 2009-லும் 2010-லும் அங்கே அகழ்ந்தார். ஈமக்குழியிலே நெல் வைத்த சாடி கிடைத்தது. தமிழி எழுத்துப் பொறித்த பொருள் கிடைத்தது. அந்த நெல்லை அமெரிக்க ஆய்வுக் கூடத்துக்கு அனுப்பினார்கள், கி.மு. 490 என்று காலம் வந்தது. அந்த எழுத்தின் பழமையைப் பற்றி அறிஞர்கள் வாதிட்டார்கள். ஒரு சாரார் ஏற்றனர், ஒரு சாரார் மேலும் சான்று கேட்டனர். நம் மாணவனுக்கு நாம் கற்பிக்கவேண்டியது அந்த வாதத்தைத்தான். "நாமே மூத்தவர்!" என்று கைதட்டச் செய்வது எளிது. மண்ணுக்குள் கிடந்த நெல்மணி எப்படி ஆண்டைச் சொல்லும், அது தவறவும் கூடுமா, தவறாதிருக்க என்ன செய்தார்கள் என்று கேட்கச் செய்வது அரிது. அரியதைச் செய்வதே பகுத்தறிவு. நம் பழமை உண்மையாயின், கேள்விக்கு அஞ்ச அதற்கு என்ன இருக்கிறது?

கையெட்டும் தூரத்திலே

"எல்லாம் சரி, ஆசிரியரிடம் கருவி எங்கே?" என்பார்கள். கருவிகள் சிதறிக் கிடக்கின்றன; திரட்டித் தருவாரைத்தான் காணோம்.

1868-ல் நெல்சன் எழுதிய மதுரைச் சீமைக் கையேடும், 1906-ல் பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்ட விவரச்சுவடியும் இணையத்திலே இலவசமாகக் கிடைக்கின்றன. திண்டுக்கல் 1985 வரை மதுரை மாவட்டத்திலே இருந்தமையால், நம் ஊரின் செய்திகள் அவற்றிலேதான். வரி வாங்க வந்தவர் எழுதியவை. ஆகவே ஐயத்தோடு படிக்கவேண்டும். அவர்கள் சாதிகளை வருணித்த இடத்திலே இருமடங்கு ஐயம் வேண்டும். ஆனாலும் படிக்கவேண்டும். அவை ஆங்கிலத்தில் உள்ளன என்பதுதான் தடை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலே பழந்தமிழ் நூல்களும் இதழ்களும் குவிந்துள்ளன, கட்டணமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கின் மாவட்டக் கையேட்டிலே, ஊர் ஊராகக் குடும்பம் எத்தனை, எழுத்தறிந்தார் எத்தனை, குடிநீர் எவ்வழி என்ற விவரம் இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தின் 21,59,775 மக்கள் என்ற மொத்த எண்ணை ஒப்பிப்பதைவிட, தன் ஊரின் எண்ணைத் தேடி எடுத்து, இன்று நேரிலே எண்ணிப் பார்த்து வேறுபாட்டைக் கண்டறிபவன் சமூக அறிவியல் அறிந்தவன்.

இந்தியத் தொல்லியல் துறைச் சின்னங்களிலே 15 வயதுக்குட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. கீழடியிலே 2023 முதல் அருங்காட்சியகம் இருக்கிறது. விடியலிலே புறப்பட்டால் மாலைக்குள் திரும்பலாம். சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்திலே 1956-ல் தோன்றி, 1976 முதல் நிகர்நிலைப் பல்கலைக் கழகமாய் விளங்கும் ஊரகக் கல்வி நிறுவனம் இருக்கிறது. ஊரை ஆராய்வது எப்படி என்று அறிந்தோர் அங்கே உண்டு. சின்னாளபட்டியின் சுங்குடிச் சேலையும், நிலக்கோட்டையின் பூச்சந்தையும், ஒட்டன்சத்திரத்தின் காய்கறிச் சந்தையும் பொருளியலின் ஆய்வுக் கூடங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டு இன்னொரு கூடம். குறியீடு வந்தும் பட்டறைகள் குறைவதேன், அலிகாரின் எந்திரப் பூட்டோடு கைப்பூட்டு போட்டியிட இயலாததேன் என்று பட்டறைக்காரரையே கேட்கலாம். கிராமசபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. குடிமையியல் வகுப்புக்கு அந்த ஆறு நாளும் செய்முறை வகுப்பு.

மாணவனுக்கு வாய்ப்புகளும் உண்டு. எட்டாம் வகுப்பிலே எழுதும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் வென்றால், ஒன்பதாம் வகுப்பு முதல் நான்காண்டுக்கு ஆண்டுதோறும் 12,000 ரூபாய். பாடப்பகுதி வினாக்கள் 90-ல் 35 சமூக அறிவியல். கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு 12,000 ரூபாய் என்றால் என்ன என்று நாம் அறிவோம். மகளின் படிப்பு நிற்குமா தொடருமா என்பதையே அது முடிவு செய்யும். பின்னாளில் அரசுப் பணித் தேர்வு எழுதுவோரும், இந்தப் பள்ளி நூல்களையே பழைய புத்தகக் கடையிலே தேடி வாங்கிப் படிக்கிறார்கள். பதினைந்து வயதிலே வெறுத்த பாடத்தை இருபத்தைந்து வயதிலே துரத்துகிறார்கள்! அப்போதும் பரீட்சைக்கு வருமா என்றே கேட்கிறார்கள் என்பதுதான் வேதனை.

நேரமில்லையாம்!

"தேர்ச்சி விழுக்காடு கேட்கிறார்கள், ஊரைச் சுற்ற நேரமேது?" என்கிறார் ஆசிரியர். அவர் கூறுவதிலே நேர்மை இருக்கிறது. விழுக்காடு குறைந்தால் விளக்கம் கேட்கப்படுவது அவர்தான், நாமல்ல. ஆகவே அவரைக் குறை கூறிவிட்டு நகர்ந்துவிட நமக்கு உரிமையில்லை.

ஆனால் வழி இல்லாமலில்லை. மத்தியப் பிரதேசத்திலே 1982-ல் தோன்றிய ஏகலவ்யா எனும் அமைப்பு, அரசுப் பள்ளிகள் சிலவற்றிலே சமூக அறிவியலைப் புதுமுறையிலே நடத்திக் காட்டியது. ஆசிரியர்களையும் சேர்த்துக்கொண்டு நூல் எழுதினார்கள். நூலைத் திறந்து வைத்துக்கொண்டே தேர்வு எழுதச் செய்தார்கள். விடை நூலிலே இருக்கிறது என்றான பின், சிந்தித்தால்தானே எழுத முடியும்! பாடத்தை மாற்றுவதோடு நில்லாமல் தேர்வையும் மாற்றினார்கள். அங்கேதான் அவர்களின் கூர்மை.

இங்கே நாம் கேட்பது பேராசையன்று. பத்தாம் வகுப்பிலே சமூக அறிவியலின் 100-ல் 25-ஐச் செய்முறைக்கு ஒதுக்குங்கள்: ஒரு தெருவின் படம், ஒரு முதியவரின் வாய்மொழி, ஒரு கிராமசபையின் குறிப்பு, ஒரு கிணற்றின் வரலாறு. இதிலும் கைடு போட்டு விற்பார்கள் என்று சிரிக்கலாம். விற்கட்டும், ஒவ்வொரு தெருவுக்கும் ஒவ்வொரு கைடு அச்சிட எந்த அச்சகத்தாலும் ஆகாது!

தோழர்களுக்கு

அரசாணை வரும்வரை காத்திருப்பதா? படிப்பகம் கண்ட மரபினர் நாம். முடிதிருத்தும் நிலையத்திலும் தேநீர்க் கடையிலும் ஏடு படித்துக் காட்டி, எழுத்தறியாதவனையும் உலகச் செய்தி பேச வைத்த மரபு. தமிழகம் 1948-ல் பொது நூலகச் சட்டம் கண்டது. வீட்டு வரியோடு நூலக வரியும் நாம் கட்டுகிறோம். கட்டிய வரிக்கு உரிய பயனை உரிமையோடு கேட்போம்.

ஊருக்கு ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். ஆங்கிலம் அறிந்த தோழர், விவரச்சுவடியிலே தம் ஊரைப் பற்றிய ஒரு பக்கத்தைத் தமிழாக்கித் தரட்டும். சட்டம் பயிலும் தோழர், 1996 தீர்ப்பின் சாரத்தை எட்டாம் வகுப்பு மாணவனுக்கு விளங்கும்படி இரண்டு பக்கத்திலே எழுதட்டும். தோல் ஷாப்பிலும் பூட்டுப் பட்டறையிலும் உழைத்து ஓய்ந்த பெரியவர்களை, அவர்கள் மறையுமுன் சென்று கேட்டு எழுதுங்கள். எதிலும் ஆண்டு குறியுங்கள்; யார் சொன்னார் என்று குறியுங்கள்; ஐயமெனில் ஐயமென்றே எழுதுங்கள். எழுதியதை ஆசிரியரிடம் பணிவோடு கொடுங்கள். உபதேசத்தோடு போகாதீர்கள், உபதேசம் அவருக்கு ஏற்கெனவே நிறையக் கிடைக்கிறது. உதவியோடு போங்கள்.

அடுத்த ஞாயிறும் மலையடிவாரம் சென்றோம். அதே படிக்கட்டு, அதே சிறுவன், உடன் இன்னும் இருவர். கைடு மடியிலே இருந்தது. நம்மைக் கண்டதும் எழுந்து வந்தான்.

"அண்ணே, நீங்க சொன்னதை எங்க தாத்தாகிட்டக் கேட்டேன். அவருக்கு அது தெரியலை. ஆனா, அவர் தோல் ஷாப்புல வேலை பார்த்தப்போ நடந்த வேலைநிறுத்தத்தைச் சொன்னாரு. எழுதி வெச்சிருக்கேன். படிக்கவா?"

பரீட்சைக்கு வருமா என்று அவன் கேட்கவில்லை. படி, தம்பி, என்றோம்.